மோர்ஸ் சங்கேதமும் ஓர் அநுமதிப் பரீட்சையும்

ஒரு கருவியைக் கையாள ஒருவனுக்கு அநுமதி கொடுக்குமுன் அரசாங்கம் அவனிடம் எதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்? மோட்டார் வண்டி ஓட்ட விரும்புகிறவனை, வண்டியை ஓட்டிக் காட்டும்படி கேட்கிறார்கள். சாலை விதிகள் தெரியுமா என்று விசாரிக்கிறார்கள். அது நியாயந்தான். ஆனால் அவனைப் பார்த்து, "மாட்டு வண்டியையும் ஓட்டிக் காட்டு, அப்பொழுதுதான் மோட்டாருக்கு அநுமதி" என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். மற்றொரு காட்சியையும் எண்ணிப் பாருங்கள். தோணி செலுத்த அநுமதி கேட்டு ஒருவன் வருகிறான். "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தோணி செலுத்துவது வேறு, நீந்துவது வேறு. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்டு நாம் சிரிப்பதில்லை. தோணி கவிழ்ந்தால் நீச்சல்தானே துணை?

அமெச்சூர் வானொலி அன்பர்களிடையே பல ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய விவாதம் இந்த இரண்டு காட்சிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவர்களுக்கு அநுமதி வழங்கும் பரீட்சையில் மோர்ஸ் சங்கேதம் கட்டாயமாக இருக்கவேண்டுமா என்பதே அந்த விவாதம். ஒரு சாராருக்கு அந்தச் சோதனை மாட்டு வண்டியாகத் தோன்றியது; மற்றொரு சாராருக்கு அது நீச்சலாகத் தோன்றியது. இரு சாராரும் அறிவுடையோர். இரு சாராரும் வானொலிக் கலையை உயிராக நேசித்தவர்கள். ஆகவே இந்த வழக்கை நடுநிலையோடு ஆராய்ந்து பார்ப்பது பரீட்சைகளுக்கு நடுவே வாழும் மாணவர்களாகிய உங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

முதலில், அமெச்சூர் வானொலி என்பது யாது? வானொலி நிலையம் பேசுகிறது, நாம் கேட்கிறோம். நாம் மறுமொழி சொல்ல வழியில்லை. அமெச்சூர் வானொலியரோ தம் வீட்டிலேயே அலைபரப்பும் கருவியையும் அலைவாங்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற மற்றவர்களோடு நேரடியாக உரையாடுகிறார். 'ஹாம்' என்று செல்லமாக அழைக்கப்படும் இவர்கள் இதனால் ஒரு காசும் சம்பாதிப்பதில்லை. தம்மைத் தாமே பயிற்றுவித்துக் கொள்ளுதல், ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்ளுதல், தொழில் நுட்ப ஆராய்ச்சி செய்தல் ஆகிய மூன்றையும் சர்வதேச விதிகள் இவர்களுடைய நோக்கங்களாகக் குறிப்பிடுகின்றன.

இதற்கு ஏன் அநுமதி வேண்டும்? வானொலி அலைகள் செல்லும் வெளி பொதுச் சொத்து. அதில் கப்பல்களும் விமானங்களும் காவல் துறையும் ஒலிபரப்பு நிலையங்களும் தத்தமக்கு ஒதுக்கிய இடத்தில் இயங்குகின்றன. அறியாத ஒருவன் தன் கருவியைத் தவறான இடத்தில் இயக்கினால், ஆபத்தில் இருக்கும் ஒரு கப்பலின் குரல் அமுங்கிப் போகலாம். ஆகையால் மின்சார இயலும் வானொலி இயலும் விதிகளும் ஓரளவு தெரிந்தவருக்கே அநுமதி தருவது என்பது எல்லா நாடுகளிலும் ஏற்பட்ட வழக்கம். இவற்றோடு நெடுங்காலம் சேர்ந்திருந்த மற்றொரு பாடமே மோர்ஸ் சங்கேதம்.

அதன் வரலாறு சுவையானது. சாமுவேல் மோர்ஸ் என்பவர் அமெரிக்க ஓவியர். அவரும் அவருடைய துணைவர் ஆல்பிரட் வெயிலும் உழைத்து உருவாக்கிய மின்சாரத் தந்தி, 1844 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்ட்டிமோருக்குச் செய்தி கொண்டுசென்றது. அவர்களுடைய சங்கேதத்தை 1848 இல் பிரெடரிக் கெர்க்கே என்ற ஜெர்மானியர் திருத்தி அமைத்தார். அந்தத் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்ட முறையே, 1865 இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேசத் தந்தி மாநாட்டுக்குப் பின் உலகப் பொதுமுறை ஆயிற்று.

அந்த முறை தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதியதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று நம் இலக்கணம் ஒலியைக் காலத்தால் அளக்கிறது அல்லவா? மோர்ஸ் சங்கேதமும் அவ்வாறே காலத்தால் அளந்த ஒலி. அதில் புள்ளி என்பது ஒரு மாத்திரை. கோடு என்பது மூன்று மாத்திரை. ஓர் எழுத்துக்குள் இருக்கும் ஒலிகளுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. புள்ளியை 'டி' என்றும் கோட்டை 'டா' என்றும் வாயால் சொல்லிப் பழகுவார்கள். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி. 'டீ' என்ற எழுத்துக்கு ஒரே கோடு. அருகி வரும் எழுத்துகளுக்கு நீண்ட சேர்க்கைகள். அடிக்கடி வருவது சுருக்கமாக இருக்கவேண்டும் என்ற இந்தச் சிக்கன விதி இன்றைய கணிப்பொறி விஞ்ஞானத்திலும் போற்றப்படுகிறது.

வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற நகரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். ஒலிகளையும் மௌனங்களையும் கூட்டினால் அந்தச் சொல் சரியாக 50 மாத்திரை வரும். நிமிடத்துக்கு 5 சொல் என்றால் ஒரு மாத்திரை ஏறக்குறையக் கால் விநாடி. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு மாத்திரை ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்குதான். முதல் வேகத்தில் புள்ளி இது, கோடு இது என்று எண்ணிப் பார்க்க நேரம் உண்டு. இரண்டாவது வேகத்தில் எண்ண முடியாது; மிருதங்கச் சொற்கட்டைக் காது முழுதாக ஏற்றுக்கொள்வதுபோல எழுத்தின் நடை முழுவதையும் ஒரே ஒலியாகக் கேட்கவேண்டும். எண்ணிப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் மேலே செல்ல முடியாமல் நின்றுவிடுவார்கள். 1897 இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் தந்தி ஊழியர்களை ஆராய்ந்து, பயிற்சி ஓரிடத்தில் தேங்கி நின்று பிறகே மேலேறும் என்ற உண்மையை வெளியிட்டார்கள். எழுத்தைக் கேட்பவன் சொல்லைக் கேட்பவனாக மாறும்போது அந்தத் தேக்கம் நீங்குகிறது. கற்றலைப் பற்றிய உளநூல் ஆராய்ச்சியில் இது முற்பட்ட ஒன்று.

இவ்வளவு கடினமான பாடம் அமெச்சூர் பரீட்சைக்குள் எப்படிப் புகுந்தது? அக்காலத்தில் வானொலி என்றாலே மோர்ஸ் சங்கேதந்தான். 1901 டிசம்பர் 12 ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்த ஒலி, 'எஸ்' என்ற எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகளே. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியபோது, அதன் தந்தியாளர்கள் தட்டி அனுப்பிய அபாயச் செய்தியைக் கேட்டுக் கார்ப்பேதியா என்ற கப்பல் விரைந்து வந்தது. எழுநூறுக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். அதே ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒரு வானொலிச் சட்டம் இயற்றி, அமெச்சூர்களுக்கு அநுமதியைக் கட்டாயமாக்கின.

அந்நாளில் மோர்ஸ் அறிவைக் கோரியதற்கு வலுவான காரணம் இருந்தது. பக்கத்து அலைவரிசையில் ஒரு கப்பல் அபாயக் குரல் எழுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மோர்ஸில்தான் வரும். அது புரியாத அமெச்சூர் தன் கருவியை நிறுத்தமாட்டான்; அவனுடைய விளையாட்டு மற்றவர்களுடைய உயிருக்கு உலையாகும். ஆகவே அன்று மோர்ஸ் சோதனை மாட்டு வண்டி அன்று, நீச்சலே. 1927 இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலி மாநாட்டின் விதிகளில், அமெச்சூர் கருவியை இயக்குவோர் மோர்ஸ் அறிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற்றது.

அந்தச் சட்டத்தின் மற்றொரு விளைவையும் இங்கே சொல்லவேண்டும். 1912 இல் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டவை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைகள். தொலைதூரத்துக்கு அவை உதவா என்று அக்கால நிபுணர்கள் கருதினார்கள். ஆனால் 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீட்டர் அலையில், பிரான்ஸில் இருந்த ஓர் அமெச்சூரும் அமெரிக்காவில் இருந்த அமெச்சூர்களும் சமுத்திரத்துக்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒருவரோடு ஒருவர் உரையாடினார்கள். உதவாதவை என்று தள்ளிய சிற்றலைகள் உலகைச் சுற்றவல்லவை என்பது தெரிந்தது. அந்த உரையாடலும் மோர்ஸ் சங்கேதத்திலேயே நடந்தது. இந்தப் பெருமை நினைவில் இருந்தால்தான், பின்னாளில் மோர்ஸை நீக்குவது என்ற பேச்சு வந்தபோது முதியோர் பலர் ஏன் நெஞ்சு நொந்தார்கள் என்பது விளங்கும்.

காலம் மாறிற்று. மனிதக் குரலையே அலையில் ஏற்றும் முறை பரவியது. பிறகு எழுத்தையும் படத்தையும் அனுப்பும் கருவிகள் வந்தன. சர்வதேச விதியும் படிப்படியாக நெகிழ்ந்தது. 1979 ஆம் ஆண்டு மாநாட்டுக்குப் பின், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் மட்டும் இயங்குவோருக்கு மோர்ஸ் இன்றியே அநுமதி தரலாம் என்ற நிலை இருந்தது. அந்த எல்லைக்கு மேற்பட்ட அலைகள் பெரும்பாலும் பார்வைக்கு எட்டும் தூரமளவே செல்வன. அதற்குக் கீழ்ப்பட்ட சிற்றலைகளோ வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிக் கண்டம் விட்டுக் கண்டம் தாவுவன. ஆகவே தேச எல்லையைக் கடந்து பேச விரும்புகிறவனுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற நிலை நீடித்தது.

அமெரிக்காவில் 1951 முதல் நடந்த முறையில், தொடக்க நிலையினர் நிமிடத்துக்கு 5 சொல்லும், பொதுநிலையினர் 13 சொல்லும், மிக உயர்ந்த நிலையினர் 20 சொல்லும் கேட்டறிய வேண்டியிருந்தது. 1983 இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், மோர்ஸ் வேண்டாத ஓர் அநுமதியை ஏற்படுத்தலாமா என்று யோசனை கூறிற்று. அமெச்சூர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. 1991 இல் மீண்டும் அந்தப் பேச்சு எழுந்து, தொழில் நுட்ப நிலை அநுமதிக்கு மட்டும் மோர்ஸ் நீங்கியது. விவாதம் அதனோடு ஓயவில்லை, சூடு பிடித்தது.

மோர்ஸ் சோதனை இருக்கவேண்டும் என்றவர்கள் கூறிய காரணங்களைப் பார்ப்போம். முதலாவது, சிக்கனம். ஒரு மனிதன் பேசும் குரலை அனுப்பச் சுமார் 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் தேவை. மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் அளவு போதும். ஒருவர் பேசும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் தந்தி தட்டலாம். இரண்டாவது, எளிமை. ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டே மோர்ஸ் பரப்பும் கருவியைச் செய்துவிடலாம். புயலிலோ பூகம்பத்திலோ எல்லாம் பாழானபோதும், ஒரு சிறு மின்கலமும் கம்பியும் இருந்தால் செய்தி போகும். மூன்றாவது, தெளிவு. இரைச்சலில் குரல் கரைந்து மறைந்த பிறகும் மோர்ஸின் ஒற்றைச் சுருதி காதுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான்காவது காரணம் மொழியைப் பற்றியது. தந்தியாளர்கள் வகுத்த சுருக்கக் குறிகள் உலகம் முழுவதும் ஒன்றே. 'கியூ.டி.எச்.' என்றால் இருக்குமிடம்; 'கியூ.ஆர்.எம்.' என்றால் குறுக்கீடு. 73 என்ற எண்ணைத் தட்டினால் அன்பு வாழ்த்து. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இருவர்கூட இவற்றைக் கொண்டு முகமன் கூறி விடைபெறலாம். ஐந்தாவது காரணந்தான் விவாதத்தின் அடிநாதம். எளிதில் கிடைத்த பொருளை மனிதன் மதிப்பதில்லை. மாதக்கணக்கில் காதைப் பழக்கி உழைத்து வந்தவனே அலைவெளியில் ஒழுங்காக நடந்துகொள்வான். மோர்ஸ் சோதனை ஒரு சல்லடை என்றார்கள் அவர்கள்.

இனி, சோதனையை நீக்கவேண்டும் என்றவர்களின் வாதம். அவர்களில் மோர்ஸை வெறுத்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தினந்தோறும் ஆசையோடு பயன்படுத்திய பலரும் அவர்களிடையே இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. "மோர்ஸ் நல்லதா என்பது கேள்வியன்று; அதைக் கட்டாயப்படுத்தலாமா என்பதே கேள்வி" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குரல் வழிப் பேச்சு, எழுத்து அச்சுமுறை, படம் அனுப்புதல், செயற்கைத் துணைக்கோள் வழித் தொடர்பு என்று அமெச்சூர் வானொலியில் எத்தனையோ கிளைகள் உண்டு. அவற்றில் எதற்கும் செய்முறைச் சோதனை இல்லை. மோர்ஸுக்கு மட்டும் ஏன்? மின்சுற்று அமைப்பதில் கைதேர்ந்த ஒருவர் 13 சொல் வேகத்தை எட்டவில்லை என்பதற்காக வாசலிலேயே நிறுத்தப்படுவது அறிவுக்குப் பொருந்துமா?

சல்லடை என்ற வாதத்துக்கும் அவர்கள் விடை வைத்திருந்தார்கள். காது கூர்மை என்பது ஒழுக்கத்தின் அளவுகோல் அன்று. வேகமாகத் தந்தி கேட்பவரிலும் முரடர் உண்டு. ஒரு புள்ளியும் அறியாதவரிலும் பண்பாளர் உண்டு. அதைவிட வேதனையான செய்தி ஒன்று இருந்தது. செவிப்புலன் குறைந்தவர்களையும், கேட்ட ஒலியை விரைந்து எழுத இயலாத உடற்குறை உள்ளவர்களையும் அந்தச் சல்லடை வெளியே தள்ளிவிட்டது. மருத்துவச் சான்று காட்டினால் உயர்ந்த வேகங்களுக்கு விலக்குத் தரும் ஏற்பாட்டை அமெரிக்கா பின்னர்ச் செய்தது. ஆயினும் விலக்குக் கேட்டுத் தம் குறையைக் காகிதத்தில் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்ததே சிலருக்குப் புண்ணாயிற்று. இதற்கு மறுபுறமும் உண்டு என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். பேச இயலாத சிலருக்கு, ஒரு விரல் அசைவினால் உலகோடு பேசும் வாய்ப்பைத் தந்ததும் இதே மோர்ஸ்தான். ஒரே கலை ஒருவருக்குக் கதவாகவும் மற்றொருவருக்குச் சுவராகவும் இருந்தது.

இந்த வாதங்களை எடைபோடும்போது, நாம் தொடக்கத்தில் கண்ட கேள்விக்குத் திரும்பவேண்டும். மோர்ஸ் சோதனை நீச்சலா, மாட்டு வண்டியா? அது கடலைப் பொறுத்தே முடிவாயிற்று. மோர்ஸ் கட்டாயமானதற்கு மூல காரணம் கப்பல்களின் அபாயக் குரல் அல்லவா? அந்தக் கப்பல்களே மோர்ஸைக் கைவிட்டன. 1997 ஜனவரி 31 ஆம் நாள் பிரான்ஸின் கடற்கரை நிலையங்கள் மோர்ஸ் பணியை நிறுத்தின. 1999 பிப்ரவரி முதல் நாள், துணைக்கோளையும் தானியங்கிக் கருவிகளையும் கொண்ட உலகக் கடல் அபாய உதவி ஏற்பாடு முழு நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அமெச்சூர் ஒருவர் மோர்ஸ் அறியாததனால் ஒரு கப்பலின் உயிருக்கு ஊறு நேரும் என்று சொல்ல இடமில்லாமற் போயிற்று. வெள்ளம் வற்றிய ஆற்றில் நீச்சல் சோதனை நடத்துவது போலாயிற்று.

அப்படியானால் பேரிடர்க் காலத்தில் பயன்படும் என்ற வாதம்? 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, வானொலிப் பரிசோதனைக்காக அங்கே போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர்கள் தொடர்பற்றுப் போன தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி கொண்டுசென்றார்கள். அத்தகைய நேரங்களில் முதலில் வேண்டியவை பழுதுபடாத கருவி, மின்சாரம், பயிற்சி பெற்ற மனிதர், ஒழுங்கு ஆகியவை. அவசர காலச் செய்திகளில் பெரும்பகுதி குரல் வழியாகவும் கணிப்பொறி வழியாகவுமே செல்கின்றன என்று அமெரிக்க ஆணையமும் கருதியது. மோர்ஸ் தெரிந்திருப்பது அங்கே ஒரு வலிமை; ஆனால் அது தெரியாதவர் உதவ இயலாது என்பதற்கில்லை.

நலிந்த அலையைக் கேட்பதில் மோர்ஸுக்கு இணையில்லை என்ற வாதமும் பிற்காலத்தில் தளர்ந்தது. 1993 இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர் என்ற வானியல் அறிஞர் இளமை முதலே அமெச்சூர் வானொலியர். அவர் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய கணிப்பொறி முறைகள், மனிதக் காதுக்கு இரைச்சலாக மட்டுமே தோன்றும் இடத்திலிருந்தும் செய்தியைப் பிரித்தெடுக்கின்றன. அவற்றில் ஒன்றாகிய 'எப்.டி.8' என்ற முறை 2017 இல் வெளிவந்தது. அதற்கு 50 ஹெர்ட்ஸ் அகலம் போதும். சிக்கனத்திலும் நலிந்த ஒலியை அறிவதிலும் மோர்ஸையே அது விஞ்சிவிட்டது. எனினும் அதற்கு ஒரு கணிப்பொறி வேண்டும். மோர்ஸுக்கு வேண்டியது பழகிய காது ஒன்றே. அந்தப் பெருமை மோர்ஸை விட்டுப் போகவில்லை.

முடிவு எவ்வாறு வந்தது? 2003 ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் உலக வானொலி மாநாடு கூடிற்று. அமெச்சூர்களுக்கு மோர்ஸ் சோதனை வைப்பதா, விடுவதா என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக் கொள்ளலாம் என்று அம்மாநாடு விதியைத் திருத்தியது. அதே ஆண்டு ஸ்விட்ஸர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகள் கட்டாயத்தை நீக்கின. அமெரிக்காவில் 2000 ஏப்ரலிலேயே எல்லா நிலைகளுக்கும் வேகம் 5 சொல்லாகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்நாட்டு அமெச்சூர் சங்கம் 2004 இல் ஒரு நடுவழியைக் கூறிற்று: மிக உயர்ந்த நிலைக்கு மட்டும் 5 சொல் சோதனை இருக்கட்டும் என்றது. ஆணையம் அதை ஏற்கவில்லை. 2006 டிசம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டு, 2007 பிப்ரவரி 23 முதல் அங்கே எந்த நிலைக்கும் மோர்ஸ் சோதனை இல்லை என்றாயிற்று.

இந்தியா இதில் மெதுவாக நடந்தது. 1978 ஆம் ஆண்டு விதிகளின் கீழ், இரண்டாந்தர அநுமதிக்கு நிமிடத்துக்கு 5 சொல்லும் முதல்தர அநுமதிக்கு 12 சொல்லும் தேவைப்பட்டன. பின்னர் வந்த திருத்தங்களில் இந்தப் பாகுபாடு சுருங்கிற்று. பொதுத்தர அநுமதிக்கு 8 சொல் என்றும், கட்டுப்பாடுள்ள தரத்துக்கு மோர்ஸ் வேண்டா என்றும் வகுத்தார்கள். அதாவது, கதவை முழுதும் அடைக்காமல், முழுதும் திறக்காமல், பாதி திறந்து வைத்தார்கள். ஜெனீவா மாநாட்டின் திருத்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுத்த உரிமைக்கு இதுவும் ஓர் உதாரணமே.

கட்டாயம் நீங்கியபின் என்ன நடந்தது? அமெச்சூர் வானொலியே அழியும் என்று ஒரு சாரார் அஞ்சினர். கூட்டம் கூட்டமாக இளைஞர் வருவர் என்று மற்றொரு சாரார் நம்பினர். இரண்டும் அப்படியே நடக்கவில்லை. அமெரிக்காவில் 2007 இல் ஏறத்தாழ ஆறரை இலட்சமாக இருந்த அநுமதி பெற்றோர் எண்ணிக்கை, சில ஆண்டுகளில் ஏழு இலட்சத்தைத் தாண்டியது. அது பெருவெள்ளமும் அன்று, வறட்சியும் அன்று. எண்ணிக்கை கூடியதற்கு இந்த ஒரு மாற்றமே காரணம் என்று சொல்லவும் இயலாது.

மோர்ஸின் கதிதான் எல்லோரையும் வியக்க வைத்தது. பரீட்சை போனதும் அது மறைந்துபோகும் என்று எண்ணியவர் பலர். அது மறையவில்லை. ஆண்டுதோறும் மோர்ஸில் மட்டுமே நடைபெறும் உலகப் போட்டிகளில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கின்றனர். சங்கங்கள் அமைத்து, முதியோர் இளையோருக்குச் சம்பளம் வாங்காமல் மோர்ஸ் கற்றுக்கொடுக்கின்றனர். கற்பிக்கும் முறையும் திருந்திற்று. 5 சொல் வேகத்தில் புள்ளிகளை எண்ணிப் பழகும் முறையை விட்டு, ஒவ்வோர் எழுத்தையும் தொடக்கத்திலேயே விரைந்த நடையில் ஒலித்து, எழுத்துகளுக்கு இடையே மட்டும் நீண்ட மௌனம் விட்டுக் கற்பிக்கிறார்கள். இதனால் எண்ணும் பழக்கமே ஏற்படுவதில்லை. இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. 5 சொல் என்ற சோதனைக்காகப் படித்த பலர், எண்ணிப் பழகி, தேர்ந்தவுடன் மோர்ஸ் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை அவர்களை மோர்ஸுக்கு அறிமுகம் செய்ததே தவிர, அதனோடு வாழச் செய்யவில்லை.

மாணவ நண்பர்களே, பழைய கலையைப் போற்றியவர்கள் தோற்றார்கள் என்று இந்த வரலாற்றைப் படிக்கக்கூடாது. அவர்கள் மோர்ஸைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மையே. அதன் எளிமை, காதுக்கும் கைக்கும் அது தரும் பயிற்சி, மொழியைக் கடந்த அதன் நட்பு ஆகிய எதையும் எந்த மாநாடும் ரத்து செய்யவில்லை. அவர்கள் பிழைபட்டது ஓரிடத்தில்தான். சிறந்தது எல்லாம் கட்டாயமாக வேண்டும் என்று எண்ணினார்கள். அரசாங்கம் வைக்கும் அநுமதிப் பரீட்சை, மற்றவருக்குத் தீங்கு நேராமல் காக்கத் தேவையானதை மட்டுமே கேட்க உரிமை உடையது. அதற்கு மேற்பட்டது அன்பினால் கற்கவேண்டியது. மோர்ஸ் முதல் வகையில் இருந்தவரை சோதனை நியாயமாயிருந்தது. கடல் அதைக் கைவிட்டபோது அது இரண்டாம் வகைக்கு மாறிற்று. விதியும் அதற்கேற்ப மாறவேண்டியதாயிற்று.

நமக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பரீட்சையில் வராது என்றால் படிக்கவேண்டியதில்லை என்று எண்ணுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். மோர்ஸைப் பாருங்கள். பரீட்சையிலிருந்து நீங்கிய பின்னும் அதை நாடிக் கற்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு நாமே விரும்பிக் கற்ற ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். ஆர்வமுள்ளவர்கள், வாய்ப்புக் கிடைத்தால், ஓர் இரவு சிற்றலை வாங்கியைத் திருப்பி 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒற்றைச் சுருதியில் 'டி-டா, டி-டா' என்ற நடை ஒன்று எழும். எந்தப் பரீட்சைக்காகவும் அல்லாமல், எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் மற்றொருவரை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்.